நடைத்தாள்

கட்டிலுக்கும் சன்னல் சுவருக்கும் நடுவே விரிப்பின் ஓரத்தைச் செருகப் போன கை பாதி வழியில் நின்றுவிட்டது. போன வாரம் விரிப்பு மாற்றும்போது முழங்கை வரை தாராளமாக உள்ளே போன இடம். இன்றைக்கு நான்கு விரல்தான் போனது. கட்டைவிரல் வெளியே முட்டிக்கொண்டு நின்றது.

அவள் கையை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி விட்டாள். அதே நான்கு விரல்.

“என்ன தேடுற?” என்றார் கட்டிலில் படுத்திருந்த மேஸ்திரி. அவள் கணவர்.

“கட்டிலை யாராவது நகர்த்தினாங்களா?”

“நான்தான். ராத்திரி எந்திரிச்சு அந்தப் பக்கம் தள்ளிட்டு, அப்படியே தெரு முனை வரைக்கும் ஒரு நடை போயிட்டு வந்தேன்.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று வருஷத்துக்கு முன்னால் மூன்றாவது மாடிச் சாரத்திலிருந்து விழுந்த அன்றோடு மேஸ்திரிக்கு இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லாமல் போனது. முதுகெலும்போடு ஒரு கம்பியை வைத்து முடுக்கியிருந்தார்கள். வாய் மட்டும் பழைய வாய்தான். வலது கையில் எப்போதும் ஒரு ஸ்பூன் இருக்கும். கட்டில் கம்பியில் ஒரு தட்டு தட்டினால் தண்ணீர். இரண்டு தட்டினால் புரட்டிப் படுக்க வை. மூன்று தட்டினால் ஒன்றுமில்லை, சும்மா வா. ஒரு நாளைக்கு இருபது தடவையாவது மூன்று தட்டு கேட்கும். சலித்துக்கொண்டேதான் போவாள், ஆனால் போகாமல் இருந்ததில்லை.

அவள் ஓர் ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருஷமாகப் பிளான் வரைகிறவள். கைப்பையில் சீப்பு இல்லாமல் இருக்கும், அளக்கிற டேப் இல்லாமல் இருக்காது. அதனால் கல்யாணமான புதிதிலேயே மேஸ்திரி அவளுக்கு ஸ்கேல் என்று பெயர் வைத்தார். அலுவலகத்திலும் அதுவே ஒட்டிக்கொண்டது.

குனிந்து தரையைப் பார்த்தாள். கட்டிலின் இரும்புக் கால்கள் நின்ற இடத்தில் துருக்கறை வட்ட வட்டமாகப் படிந்திருந்தது. கால்கள் அந்த வட்டத்தை விட்டு ஒரு நூல் அளவும் விலகவில்லை. அப்படியானால் கட்டில் நகரவில்லை. டேப்பை எடுத்து அறையின் குறுக்கே இழுத்தாள். அவளே வரைந்த பிளான் அது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பத்தடி ஆறு அங்குலம் என்பாள். டேப்பில் ஒன்பதடி நாலு அங்குலம் வந்தது. துடைத்துவிட்டு மறுபடி இழுத்தாள். ஒன்பதடி நாலு.

சன்னல் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். வீடு கட்டி முடித்து ஒரு வருஷம் ஆகிறது. சுவர் சில்லென்று வியர்த்திருந்தது. நேற்றுக் கொட்டிய காங்கிரீட்டின் பச்சை வாடை மூக்கில் ஏறியது.

“என்ன சொல்லுது உன் டேப்பு?” என்றார் அவர்.

“ஒண்ணுமில்ல. தேய்ஞ்சிருக்கு, மாத்தணும்” என்றாள்.

அது சாதாரண வீடு இல்லை. அலுவலகத்தில் எல்லோரும் ஐயா என்று அழைக்கும் ஆர்க்கிடெக்ட், தன் கொள்கைக்குச் சாட்சியாகக் கட்டிய மாதிரி வீடு. டீ வந்தால் போதும், அவருடைய பாடம் தொடங்கிவிடும். தூணில் பூவும் கொடியும் செதுக்கிய காலத்தைச் சொல்லும்போது முகத்தைச் சுளிப்பார். அதையெல்லாம் சுரண்டி எறிந்துவிட்டு வெள்ளைச் சுவரும் நீளச் சன்னலும் தட்டைக் கூரையும் கொண்டுவந்தவர்கள் பாதி தூரம் வந்தவர்களாம். பூச்சு பூசுவதே பொய் என்று காங்கிரீட்டைப் பலகைத் தழும்போடு வெறுமனே விட்டவர்கள்மீது அவருக்குக் கொஞ்சம் மரியாதை உண்டு. அவர்களுக்கும் பின்னால் வந்து, கட்டடம் வறண்டுபோய்விட்டது என்று வளைவும் வண்ணமும் ஒட்டவைத்தவர்களை, “நாடக செட் போடுறவங்க” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்.

“எல்லாரும் சுவத்தைப் பத்தியே பேசினாங்க” என்பார். “வீடுங்கிறது சுவர் இல்ல, நடை. மனுஷன் எங்க நடக்கிறானோ அது மட்டும்தான் வீடு. மத்த இடமெல்லாம் அழுக்கு. வெட்டி எறிஞ்சிடணும்.”

வெட்டி எறிவதற்கென்றே அந்த அலுவலகத்தில் ஒரு முறை இருந்தது. வேறெங்கும் கிடையாது. வீடு கட்டித்தரச் சொல்லி வருகிற குடும்பம் எதுவானாலும், அவர்கள் அப்போது குடியிருக்கும் வீட்டின் பிளான்மேல் ஒரு டிரேசிங் பேப்பரை விரித்துக்கொண்டு அலுவலகத்து ஆள் ஒருவர் ஏழு நாள் அங்கேயே உட்கார்ந்திருப்பார். யார் எங்கே நடந்தாலும் அந்தப் பேப்பரில் ஒரு கோடு. ஆளுக்கு ஒரு கலர் பென்சில். அதற்கு நடைத்தாள் என்று பெயர். ஏழாம் நாள் எந்த இடத்தில் கோடு விழவில்லையோ அந்த இடம் புதுவீட்டில் இருக்காது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஐயா அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான். “அழுத்தாத. டிரேசிங் பேப்பர்ல அழுத்திப் போட்ட கோட்டை யாராலயும் அழிக்க முடியாது. கலர் போயிடும், பள்ளம் நிக்கும்.”

கட்டப்போகும் மாதிரி வீட்டில் ஒரு குடும்பத்தைக் குடிவைத்து, பார்க்க வருகிறவர்களுக்குக் காட்டவேண்டும் என்று ஐயா ஆள் தேடியபோது, அவள் கையைத் தூக்கினாள். வேறு வழி இல்லை. அப்போது அவர்கள் லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடியில் இருந்தார்கள். மேஸ்திரி தெருவைப் பார்த்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அந்த வீட்டில் சன்னல் என்று பெயருக்கு ஒன்று. அதைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் கழிவுக் குழாய். புருஷன் படுத்த படுக்கை என்று அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. வெளியூரில் வேலையாக இருக்கிறார் என்று வாய்கூசாமல் சொல்லிவைத்திருந்தாள். வேலையைப் பிடுங்கிக்கொள்வார்களோ என்ற பயம்தான்.

தன் வீட்டு நடைத்தாளை அவளே போட்டாள். அவள் நடை நீலம். மகள் நடை சிவப்பு. மேஸ்திரிக்குப் பச்சைப் பென்சிலை எடுத்துவைத்துக்கொண்டு ஏழு நாள் காத்திருந்தாள். ஏழு நாளும் அவர் இருந்த இடத்திலேயே இருந்தார். கடைசி நாள் மனசு கேட்காமல், கட்டில் இருந்த இடத்தில் பட்டும் படாமலும் ஒரு புள்ளி வைத்தாள்.

ஐயா கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு அந்தப் புள்ளியைப் பார்த்தார். “இது என்ன, ஸ்கேல்? ஏதாவது சிந்திடுச்சா?”

உண்மையைச் சொன்னால் வீடு போய்விடும். நடக்காத ஆளை வைத்து நடையைக் காட்டமுடியுமா. “ஆமாங்க ஐயா, சிந்திடுச்சு” என்றாள். ரப்பரை எடுத்து இரண்டே தேய்ப்பு. அழுத்தாமல் வைத்த புள்ளி, சுவடே இல்லாமல் போய்விட்டது.

அந்த வீட்டை அவள் ஆசைப்பட்டதே அவருக்காகத்தான். அந்த வீட்டுக்காக அவரை அழித்தாள்.

குடிவந்தபிறகு ஒரு நாள் ஐயாவிடம் உண்மையைச் சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது. அவர், பார்வையாளர்கள் வரும் நாளில் மேஸ்திரி படுத்திருக்கும் அறைக் கதவைச் சாத்திவைக்கச் சொன்னார், அவ்வளவுதான். மகள் நர்ஸிங் படிக்க வெளியூர் விடுதிக்குப் போனதும், மேஸ்திரியின் கட்டிலை மகளின் அறைக்கு மாற்றினாள். நல்ல வெளிச்சம். சுவரின் நீளத்துக்கும் ஓடுகிற சன்னல். அதோடு அந்த அறையில் சிவப்புக் கோடு நின்றுபோனது. மிஞ்சியது வாசலிலிருந்து கட்டில் வரை அவள் போய்வருகிற ஒரே வழி.

இதெல்லாம் முதல் நாளே அவளுக்கு விளங்கிவிடவில்லை. இரண்டாம் நாள் சன்னல் பக்கம் மூன்று விரல்தான் போனது. மூன்றாம் நாள் இரண்டு. நாலாம் நாள் கட்டிலின் கம்பி சுவரோடு ஒட்டிக்கொண்டது. மதியம் பன்னிரண்டு மணி, சன்னல் முழுக்க வெயில், நிழலென்று ஒரு துளி இல்லாத வெள்ளை அறையில் அவருக்குச் சோறூட்டிக்கொண்டிருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. சல்லடையில் மணல் சலிக்கிற மாதிரி, ரொம்பப் பொடியாக, சுவருக்குள்ளிருந்து. மேஸ்திரியும் மெல்லுவதை நிறுத்திவிட்டார். முப்பது வருஷம் காங்கிரீட்டோடு புழங்கிய மனுஷன்.

“இது விரிசல் விடுற சத்தம் இல்ல” என்றார் மெதுவாக. “இறுகுற சத்தம்.”

அவள் தட்டை வைத்துவிட்டு வீடு முழுக்க அளந்தாள். அடுப்படியில் அவள் நிற்கிற இடம் அப்படியே இருந்தது. நிற்காத மூலை எட்டு அங்குலம் குறைந்திருந்தது. கூடத்தில் அவள் நடக்கும் வழியில் குறைவே இல்லை. இந்த அறையில், வாசலிலிருந்து கட்டில் வரை அவள் கால் படுகிற இரண்டடி நீளம் அப்படியே இருந்தது. மற்றபடி நாலு பக்கமும் உள்ளே வந்திருந்தது. அறைவாசல் அவள் ஒருத்தி நுழைகிற அளவுக்கு ஒடுங்கியிருந்தது. டேப்பைச் சுருட்டும்போது முனை சுண்டி விரலைக் கிழித்தது. வலிக்கக்கூட இல்லை.

அன்றைக்குத்தான் அந்தப் புள்ளியைப் பற்றி அவரிடம் சொன்னாள். தலையைக் குனிந்துகொண்டு, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒன்றுவிடாமல் சொன்னாள்.

“போனாப் போகுது” என்றார் மேஸ்திரி. “என்னை அழிச்சதுக்கு வெளிச்சமாவது கிடைச்சுது.”

“அப்படிச் சொல்லாதீங்க.”

“பின்ன என்ன சொல்ல? அந்த ஆளு இத்தனை வருஷமா சும்மா பேசுறான்னுல்ல நினைச்சேன். நெஜமாவே கட்டிட்டான் பாரு.”

அவரை வெளியே கொண்டுபோய்விடலாம் என்று ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரோடு வந்தார்கள். அறைவாசலைப் பார்த்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பதினோரு அங்குலம். அவளே பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைகிறாள்.

“இந்தக் கட்டிலை எப்படிம்மா உள்ள கொண்டு போனீங்க?” என்றார் ஒருவர்.

“அப்போ வாசல் பெருசா இருந்துச்சுங்க.”

அவர்கள் அவரைப் போர்வையோடு சேர்த்துத் தூக்கி, ஒருக்களித்து நுழைக்கப் பார்த்தார்கள். மேஸ்திரியின் தோள் சிக்கிக்கொண்டது. முதுகுக் கம்பி வளைகிற சத்தத்தோடு அவர் அலறினார்; அந்த மாதிரி ஒரு சத்தத்தை அவள் அவரிடமிருந்து கேட்டதேயில்லை. மறுபடி கட்டிலில் கிடத்தினார்கள். சுவர் அறுக்கிற மெஷினோடு ஆள் பிடித்துக்கொண்டு நாலு நாள் கழித்து வருவதாகச் சொன்னார்கள். அதுவரைக்கும் என்ன இருக்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

நடந்தாள். வேறு என்ன செய்ய. அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு, அந்த அறைக்குள் நடந்தாள். வாசலிலிருந்து தலைமாடு, தலைமாட்டிலிருந்து கால்மாடு, இண்டு இடுக்கில் உடம்பைத் திணித்து, கட்டில்மேல் ஏறி அவர் காலைத் தாண்டி, சன்னலோரம் போய், திரும்பி, மறுபடி. அவள் நடக்கிற நேரமெல்லாம் மணல் சத்தம் நின்றது. உட்கார்ந்தால் தொடங்கியது. சாப்பாட்டை நடந்துகொண்டே ஊட்டினாள். தலையை நடந்துகொண்டே வாரிவிட்டாள். மகள் போன் செய்தபோது, “ஏம்மா மூச்சு வாங்குது?” என்று கேட்டாள். “மாடி ஏறிட்டு வரேன்” என்றாள். அந்த வீட்டுக்கு மாடியே கிடையாது. மகளும் அதைக் கேட்கவில்லை.

ஆனால் தூங்காமல் இருக்கமுடியவில்லை. நடக்கத் தொடங்கிய மூன்றாம் நாள் காலையில் தரையில் சரிந்து ஒரு மணிநேரம் கண் அசந்துவிட்டாள். விழித்தபோது கட்டிலின் சன்னல்பக்கக் கம்பி உள்ளே வளைந்து மேஸ்திரியின் விலாவைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவர் விழித்துத்தான் இருந்தார். ஸ்பூனைத் தட்டி அவளை எழுப்பியிருக்கலாம். எழுப்பவில்லை.

“நல்லாத் தூங்கிட்டிருந்தே” என்றார்.

அவள் முகத்தில் அறைந்துகொண்டு அழுதாள். அழுதுகொண்டே நடந்தாள். அப்புறம் சட்டென்று நின்று, செருப்பை மாட்டிக்கொண்டாள்.

“ஐயாகிட்ட போறேன். ஒரு மணி நேரம். தாக்குப்பிடிங்க.”

“எங்க போயிடப்போறேன்” என்றார் மேஸ்திரி.

ஐயா அவள் சொன்னதையெல்லாம் கேட்டார். நம்பாத முகம் இல்லை. “எந்தப் பக்கம் அதிகமா வந்திருக்கு?” என்று கேட்டார். சன்னல் பக்கம் என்றாள். “நீ நடக்கிற வழி குறையவே இல்லையா?” இல்லை என்றாள். அவர் எழுந்து சன்னலோரம் போய் நின்றார். திரும்பியபோது அவர் கண் கலங்கியிருந்தது. துக்கத்தில் இல்லை.

“அப்போ சரியாத்தான் வந்திருக்கு” என்றார்.

“ஐயா, அவர் உள்ள இருக்காருங்க. நசுங்கப்போறாருங்க. ஏதாவது செய்யுங்க. உங்க காலைப் பிடிக்கிறேன்.”

“நான் என்னம்மா செய்ய? தாள்ல இருக்கிறதைத்தான் வீடு கொடுக்கும்.” அகலமான இழுப்பறையைத் திறந்து, அவள் வீட்டு நடைத்தாளையும் புதுவீட்டுப் பிளானையும் எடுத்து மேஜைமேல் ஒன்றின்மேல் ஒன்றாக விரித்தார். நீலமும் சிவப்பும் பின்னிக்கிடந்தன. “அவருக்குக் கோடு வேணும்னா போடு. ஆனா உண்மையான நடையா இருக்கணும். நடக்காததை நடந்ததா போடக்கூடாது. அது தப்பு.”

“உண்மையான நடைதாங்க ஐயா” என்றாள். இரண்டாவது தடவையாக அதே மேஜையில் அதே மனுஷனிடம் பொய் சொன்னாள். ஆனால் அவளுக்கு அது பொய்யாகவும் படவில்லை. விழுவதற்கு முன்னால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவர் அப்படித்தான் நடப்பார். எழுந்து சன்னலுக்குப் போய் வானத்தைப் பார்ப்பார். அங்கிருந்து அடுப்படிக்கு வந்து, அவள் பின்னால் நின்று, கொதிக்கிற பாத்திரத்தில் கரண்டியை விட்டுத் திட்டு வாங்குவார். கூடத்தைச் சுற்றி வாசலுக்குப் போவார். செருப்பைப் போடலாமா வேண்டாமா என்று நின்றுவிட்டுத் திரும்பி வருவார்.

அவள் ஒரு கையில் ஸ்கேலையும் செங்கோணம் போடுகிற மூலைமட்டத்தையும் எடுத்துக்கொண்டாள். வெறுங்கையை அவள் நம்பவில்லை. மறுகையில் பச்சைப் பென்சில். புள்ளி போதாது. புள்ளிக்கு அகலம் ஏது. கட்டில் இருக்கும் இடத்தில் தொடங்கி, சன்னலுக்கு ஒரு கோடு, மூலைமட்டம் வைத்துத் திருப்பி அடுப்படிக்கு, அங்கிருந்து கூடம், கூடத்திலிருந்து வாசல், வாசலிலிருந்து மறுபடி அறை. எங்கேயும் விட்டுப்போகக்கூடாது. தொடங்கிய இடத்திலேயே கொண்டுவந்து சேர்த்தாள். ஒரு தடவை போட்டது மங்கலாகத் தெரிந்தது. அதன்மேலேயே மறுபடி போட்டாள். இந்தத் தடவை யார் கேட்டாலும் சிந்தியது என்று சொல்லமாட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு, தோளின் பலத்தையெல்லாம் விரலுக்கு இறக்கி, மூன்றாம் தடவையும் போட்டாள். மணி அப்போது பதினொன்று.

தாளைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். வழியில் ரோடு தோண்டிக்கிடந்தது. பஸ் சுற்றிப்போய், நின்று, நின்று. வீட்டுத் தெருவில் இறங்கும்போது மணி மூன்றைத் தாண்டியிருந்தது.

கதவைத் திறந்ததும் தெரிந்தது. கூடம் அகலமாக இருந்தது. பிளானில் இருந்ததைவிட அகலம். சாய்வெயில் தரையில் நீளமாகப் படுத்திருந்தது. அறைவாசல் விரியத் திறந்து, அதற்கப்பால் சன்னலின் முழு நீளமும் வெளிச்சம். பிழைத்துக்கொண்டோம் என்று நினைத்தாள்.

அப்புறம் அந்தச் சத்தம் கேட்டது.

காலடிச் சத்தம்.

வெறுங்கால் தரையில் படுகிற சத்தம். அடுப்படியிலிருந்து. அவளுக்கு நெஞ்சு வெடித்துவிடும்போல இருந்தது. சந்தோஷம்தான். ஒரு நொடி, ஒரே நொடி, முழுச் சந்தோஷம். “என்னங்க” என்று கூப்பிட்டாள்.

மேஸ்திரி அடுப்படி வாசலுக்கு வந்தார்.

கால்கள் நடந்தன. அவர் நடக்கவில்லை. சூம்பிப்போன இரண்டு கால்களும் தாமாகவே, ஒன்று மாற்றி ஒன்று, எட்டு எடுத்து வைத்தன. விரல்கள் உள்ளே மடங்கித் தரையில் தேய்ந்தன. இடுப்புக்கு மேலே உடம்பு முன்னால் தொங்கியது. தலை ஒவ்வோர் எட்டுக்கும் ஆடியது. முதுகுக்குள் கம்பி கிறீச்சிட்டது. கூடத்தின் மூலைக்கு வந்ததும், மனுஷன் திரும்புகிற மாதிரி வளைந்து திரும்பவில்லை. மூலைமட்டம் வைத்த மாதிரி நேராக ஒரு வெட்டு வெட்டித் திரும்பினார்.

அவர் பின்னால் தரையில் சிவப்பாக ஒரு கோடு. நேர்கோடு. நாலு மணி நேரமாக ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்த கோடு.

“ஸ்கேலு” என்றார். குரல் காற்றாக வந்தது. “நிறுத்து.”

ஓடிப்போய் அவரை இறுகக் கட்டிக்கொண்டாள். கால்கள் அவள் பிடிக்குள் உதறின. அவர் நின்றார். நின்ற அதே நொடியில் இரண்டு பக்கமும் மணல் சத்தம். கூடம் ஒடுங்கியது. சுவர் அவள் முதுகைத் தொட்டது, சில்லென்று. அவர் விலாவைத் தொட்டது. ஏதோ முறிந்தது.

“விடு. விடு.”

விட்டாள். கால்கள் நடந்தன. சுவர் பின்வாங்கியது.

வாசலுக்குப் போனார். திரும்பினார். அறைக்குள் போனார். கட்டிலின் பக்கமாகப் போனார். கட்டிலுக்குப் போகவில்லை. அவள் வரைந்த கோடு அதைத் தொட்டுக்கொண்டு போனது, எங்கேயும் நிற்கவில்லை. ஓரிடத்திலும் அவள் நிறுத்தியிருக்கவில்லை.

மறுபடி அடுப்படி. மறுபடி கூடம். அவளைக் கடந்தபோது முகத்தைத் திருப்பிப் பார்த்தார். அழுதுகொண்டிருந்தார்.

“அழிச்சிடும்மா.”

“மாட்டேன்.”

அடுத்த சுற்று.

“முடியல என்னால. அழிச்சிடு. ஒண்ணும் நினைக்கமாட்டேன்.”

தாளைத் தரையில் விரித்தாள். கைப்பையில் ரப்பர் இருந்தது, எப்போதும் இருக்கும். மண்டியிட்டு உட்கார்ந்தாள். கூடத்துக் கோட்டின்மேல் ரப்பரை வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். தேய்த்தாள். எத்தனை நேரம் என்று தெரியாது. பச்சைத் துகள் விரலெல்லாம் ஒட்டியது. சன்னல், அடுப்படி, கூடம், வாசல், எல்லாம் தேய்த்தாள். கண்ணைத் திறந்தபோது தாளில் பச்சை இல்லை. நீலமும் சிவப்பும் மட்டும்.

அறைக்குள் சத்தமே இல்லை.

வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஒரு காலடி. இன்னொரு காலடி.

தாளைத் தூக்கிச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். பச்சை போயிருந்தது. பள்ளம் நின்றது. சன்னல், அடுப்படி, கூடம், வாசல், தொடங்கிய இடம். சுத்தமாக, ஆழமாக, நிறமில்லாமல். அழுத்திப் போட்டிருந்தாள். உயிரைக் கொடுத்து அழுத்தியிருந்தாள்.

அறைவாசலுக்கு அவர் வந்தார். அதே கால்கள். அதே ஆட்டம். தலை அவள் பக்கம் திரும்பியது. முகம் இருந்த இடத்தில் முகம் இல்லை. கண் இல்லை, மூக்கு இல்லை, வாய் இல்லை. ரப்பர் போட்டுத் தேய்த்த தாள்போல வெளுத்து, லேசாகப் பச்சை படிந்து, வழுவழுவென்று இருந்தது. மூச்சு விட வழி இல்லாத அந்த இடம் உள்ளே குழிந்து குழிந்து எழும்பியது.

வலது கையில் ஸ்பூன் இருந்தது.

கூடத்துச் சுவரோரம் வந்ததும் அந்தக் கை மெல்ல உயர்ந்தது.

டக்.

டக்.

டக்.

அவள் எழுந்து போனாள். அவருடைய தோளுக்கடியில் தன் தோளைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டாள். கால்கள் நிற்கவில்லை, அவளும் நிற்கவில்லை. அடுத்த மூலையில் இரண்டு பேரும் சேர்ந்து, நேராக, ஒரே வெட்டாகத் திரும்பினார்கள்.